கேலக்ஸி படம் கூர்மையாக வர எந்த டெலஸ்கோப்புக்கு எந்தக் கேமரா? பூம்பாறையிலிருந்து சில பதில்கள்

மார்ச் பிறந்தால் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில், பூண்டு வயலை ஒட்டி வீடு. மதுரை, திண்டுக்கல் பக்கம் வானம் பார்க்கும் பழக்கமுள்ள நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று ஒரு கார் நிறையப் பெட்டிகளோடு வந்து இறங்குவார்கள். கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றேதான். டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிவதில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். நிலா, நெபுலா எல்லாம் எடுத்துப் பழகி, கேலக்ஸி பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கானது இது.

பெரிய டெலஸ்கோப், சின்னப் பிக்சல் கேமரா. இரண்டும் சேர்ந்தால் படம் கூர்மையாகத்தானே வரும்?

நானும் அப்படித்தான் நம்பினேன். எட்டு அங்குல ஷ்மிட்-காசகிரெய்ன் டெலஸ்கோப் ஒன்று வாங்கினேன், ஃபோகல் லெங்த் (ஒளி வந்து குவியும் தூரம்) 2032 மி.மீ. அதற்கு 2.4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா. "பிக்சல் சின்னதா இருந்தா டீடெய்ல் அள்ளும் சார்" என்று கடையில் சொன்னார்கள். களத்தில் வைத்து எம் 51 கேலக்ஸியை (மெஸ்ஸியர் பட்டியலில் 51-ஆவது) மூன்று இரவு எடுத்தேன். திரையில் முழு அளவில் திறந்து பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் பணியாரம் மாதிரி உப்பி உட்கார்ந்திருந்தது. சுருள் கைகள் இருந்த இடத்தில் புகை.

டெலஸ்கோப்பிலும் கோளாறு இல்லை, கேமராவிலும் இல்லை. நட்சத்திரத்தின் ஒளி நம்மிடம் வந்து சேரும் கடைசிச் சில கிலோமீட்டரில் காற்று அதை ஆட்டி அலைக்கழிக்கிறது. புள்ளியாக வரவேண்டியது ஒரு சின்ன வட்டமாகப் பரவிவிடுகிறது. இதைத்தான் சீயிங் என்கிறோம். அந்த வட்டம் அன்றைக்கு மூன்று வில்விநாடி அகலம். ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் வில்விநாடி. என் கேமராவின் ஒரு பிக்சல் பார்த்ததோ வானத்தில் கால் வில்விநாடி. ஆக ஒரு நட்சத்திரத்தைப் பன்னிரண்டு பிக்சலில் பரப்பி வைத்திருந்தேன். காற்று ஏற்கெனவே கலைத்துவிட்டதை எத்தனை சின்னப் பிக்சலாலும் திரும்பக் கூட்ட முடியாது. விழலுக்கு இறைத்த நீர்தான். போதாக்குறைக்கு ஒரு பிக்சலுக்குக் கிடைக்கும் ஒளியும் குறைந்து, படம் முழுக்க இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியாகக் கரகரப்பு.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்குங்கள். வருவதை டெலஸ்கோப்பின் ஃபோகல் லெங்த்தால், மில்லிமீட்டரில், வகுங்கள். ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை வில்விநாடியைப் பார்க்கிறது என்பது வந்துவிடும். இதைத்தான் பிக்சல் விகிதம் என்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க: முழு நிலவின் அகலம் சுமார் 1800 வில்விநாடி.

என் பழைய கூட்டணி: 2.4 × 206 ÷ 2032 = 0.24. இன்றைக்குப் பலரும் வைத்திருக்கும் 3.76 மைக்ரான் கேமராவை 750 மி.மீ. ஃபோகல் லெங்த் உள்ள ஆறு அங்குல நியூட்டோனியனில் (குழியாடி டெலஸ்கோப்) மாட்டினால் 1.03. அதே கேமரா 80 மி.மீ. விட்டமுள்ள ரிஃப்ராக்டரில் (லென்ஸ் டெலஸ்கோப்), ஃபோகல் லெங்த் 480 என்றால், 1.6. ஆகாயத்தையே அள்ளும், 250 மி.மீ. ஃபோகல் லெங்த் உள்ள சின்னக் குழாயில் 3.1.

கணக்கில் டெலஸ்கோப்பின் விட்டம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வேறு இடத்தில் வரும்.

எவ்வளவு வந்தால் நல்லது?

நட்சத்திரம் பரவும் அகலத்தில் இரண்டில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒரு பிக்சல் இருக்கவேண்டும். அகலம் என்றால், நட்சத்திரத்தின் பிரகாசம் நடுவில் உள்ளதில் பாதியாகும் இடத்திலிருந்து இடம் வரை அளப்பது. அஸ்டாப், சிரில் போன்ற இலவச மென்பொருள்களே இதை அளந்து சொல்லிவிடும்.

என் களத்தில் ஒரு இரவு முழுக்க எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு அளந்தால், நல்ல நாளில் இரண்டரை, சாதாரண நாளில் மூன்று, மூன்றரை வில்விநாடி. ஆகவே எனக்கு ஒரு பிக்சலுக்கு 1 முதல் 1.5 வரை. உங்கள் மொட்டை மாடியில் நான்கு வந்தால், 1.5 முதல் 2 போதும். வெளிநாட்டுக்காரர் பட்டியல் போட்ட எண்ணை எடுத்துக்கொள்ளாமல், இருக்கிற டெலஸ்கோப்பை வைத்தாவது நான்கு இரவு எடுத்து உங்கள் இடத்தை முதலில் அளந்துவிடுங்கள்.

அப்படியானால் 80 மி.மீ. டெலஸ்கோப்பே போதுமே? பெரியது எதற்கு?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அன்று இரவு தூக்கம் போய்விடும், அவ்வளவு பிடித்த கேள்வி.

நட்சத்திரத்தைப் பரப்புகிறவை மூன்று: காற்று, டெலஸ்கோப்பின் விட்டத்தால் வரும் இயல்பான பரவல், டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மவுண்ட்டின் ஆட்டம். இவற்றை நேரடியாகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் இருமடியாக்கிக் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுக்கவேண்டும். காற்று 2.5 என்று வைப்போம். கைடிங் என்பது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துப் பார்த்து மவுண்ட்டைத் திருத்துவது; அதில் மிஞ்சும் சராசரி விலகல் (ஆர்எம்எஸ்) 0.6 வில்விநாடி என்றால் அது நட்சத்திர அகலத்தில் 1.4 ஆகும். 80 மி.மீ. விட்டத்தின் பரவல் சுமார் 1.45, 200 மி.மீ. விட்டத்துக்கு 0.58.

கூட்டிப் பாருங்கள். 80 மி.மீ.யில் 3.2 வில்விநாடி. 200 மி.மீ.யில் 2.9. இவ்வளவுதான் வித்தியாசம்! விலையிலும் எடையிலும் இருக்கும் வித்தியாசத்துக்கு இது ஒன்றுமே இல்லை.

சரி, பிறகு ஏன் நான் இன்னும் 200 மி.மீ. நியூட்டோனியனைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்? ஒளிக்காக. ஒரே அளவு பிக்சல் விகிதத்தில், 200 மி.மீ. குழாய் 80-ஐவிட ஆறு மடங்கு ஒளி பிடிக்கிறது. நடுவில் இருக்கும் சின்னக் கண்ணாடி மறைப்பது, எதிரொளிப்பில் இழப்பது எல்லாம் போக ஏறக்குறைய ஐந்து மடங்கு. 80-இல் ஐந்து மணி நேரம் எடுப்பது 200-இல் ஒரு மணி நேரம். மலையில் மேகம் விட்டு வைக்கும் இரவு எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். அப்புறம், கேலக்ஸியின் கைகளில் உள்ள தூசுப் பட்டைகளைக் கணினியில் கூர்தீட்டவேண்டுமானால் இரைச்சல் குறைவாக இருக்கவேண்டும். இரைச்சலான படத்தைத் தீட்டினால் இரைச்சல்தான் கூர்மையாகும். ஆக, பெரிய விட்டம் கூர்மையை நேரடியாகத் தருவதில்லை. சுற்றி வந்து பின்வாசல் வழியாகத் தருகிறது.

எஃப் எண் குறைவாக இருந்தால் வேகம் என்கிறார்களே?

எஃப் எண் என்பது ஃபோகல் லெங்த்தை விட்டத்தால் வகுத்தது. கேமராவை மாற்றாமல் இருந்தால் உண்மை. ஆனால் எஃப்/5 இருக்கும் 80 மி.மீ.யும் எஃப்/5 இருக்கும் 200 மி.மீ.யும் ஒரே கேமராவில் ஒரே வேகம் என்றால், அது ஒரு பிக்சலின் வேகம். கேலக்ஸியின் வேகம் இல்லை. எம் 51 இலிருந்து வரும் ஒளித்துகள்களை எண்ணினால் பெரிய குழாய்தான் அதிகம் பிடிக்கிறது, அதிக பிக்சல்களில் பரப்பியிருக்கிறது, அவ்வளவே. பிக்சல்களை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்துவிட்டால் குட்டு வெளிப்படும்.

கையில் இருக்கும் டி.எஸ்.எல்.ஆர். போதுமா?

தாராளமாக. கேனன் 1500டி, 200டி போன்றவற்றில் பிக்சல் 3.7 மைக்ரான், பழைய 600டி-யில் 4.3. நிக்கான் டி5300-இல் 3.9. இவை 600 முதல் 800 மி.மீ. ஃபோகல் லெங்த்துக்கு அழகாகப் பொருந்தும். குளிர்விக்கும் வசதி இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் ஜனவரியில் இங்கே வாருங்கள். பூம்பாறைக் குளிரே அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும்.

தனி வானியல் கேமரா வாங்குவதென்றால், சோனியின் ஐஎம்எக்ஸ் 533 சிப் உள்ளவை கேலக்ஸிக்கு நல்ல தேர்வு. சதுரமான சிப், பக்கத்துக்கு 11.3 மி.மீ., 3.76 மைக்ரான். இதே பிக்சலில் பெரிய சிப் வேண்டுமானால் ஐஎம்எக்ஸ் 571, அகலம் 23.5 மி.மீ. கேலக்ஸிகளில் பெரும்பாலானவை சிறியவை என்பதால் பெரிய சிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வெற்று வானத்துக்குத்தான் போகும். ஆண்ட்ரோமீடா மட்டும் விதிவிலக்கு.

எந்தக் கேலக்ஸிக்கு எந்த ஜோடி?

ஆண்ட்ரோமீடா மூன்று டிகிரிக்கு மேல் நீளம், ஆறு நிலவை வரிசையாக வைத்த மாதிரி. அதற்கு 250 முதல் 400 மி.மீ. ஃபோகல் லெங்த், பெரிய சிப். எம் 33-க்கு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, 480 மி.மீ.யில் வசதியாக உட்காரும். மற்றவை எல்லாம் வேறு உலகம். எம் 51 பதினோரு வில்நிமிடம்தான். ஒரு பிக்சலுக்கு ஒரு வில்விநாடி என்றால் அது படத்தில் 660 பிக்சல் நீளம் வரும், 250 மி.மீ. குழாயில் 200 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், கைபேசியில் பார்க்க மட்டும் அழகு. சிங்க ராசியின் மூன்று கேலக்ஸிகள், எம் 65, எம் 66, என்ஜிசி 3628 (என்ஜிசி இன்னொரு பட்டியல்), மூன்றையும் ஒரே படத்தில் பிடிக்க 750 மி.மீ.யும் 533 சிப்பும் கச்சிதம்: 52 வில்நிமிடச் சதுரம் கிடைக்கும்.

ஒரே ஒரு ஜோடி சொல்லு என்று கழுத்தைப் பிடித்தால், ஆறு அங்குல எஃப்/5 நியூட்டோனியன், ஓரத்து நட்சத்திரங்களின் வாலைத் திருத்தும் கோமா கரெக்டர், 3.76 மைக்ரான் கேமரா. நல்ல மவுண்ட் இருந்தால் எட்டு அங்குலம்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலிருந்து எடுக்க எவை நல்லவை?

இங்கேதான் புத்தகப் பட்டியல்கள் நம்மை ஏமாற்றும். எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதலில் எம் 81, எம் 82 இருக்கும். எழுதியவருக்கு அது தலைக்கு நேர் மேலே. நாம் இருப்பது வடக்கே 10 டிகிரியில். எம் 81 நமக்கு உச்சத்தில் வரும்போதும் வடக்கே 31 டிகிரி உயரம்தான். அந்தக் கோணத்தில் ஒளி, தலைக்கு மேலே உள்ளதைப்போல் இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. உச்சியில் 2 வில்விநாடியாக இருக்கும் சீயிங் அங்கே 3 ஆகிவிடும். எந்த டெலஸ்கோப் வாங்கினாலும் அதைத் திருத்த முடியாது.

நம் தலைக்கு மேலே போகிறவை சிங்கமும் கன்னியும். சிங்க மூவர் உச்சியிலிருந்து மூன்றே டிகிரி தள்ளிப் போகிறார்கள். எம் 87-ம் அப்படித்தான். மார்ச் கடைசி, ஏப்ரல் முதலில் நள்ளிரவை ஒட்டி எடுங்கள். எம் 87-இன் நடுவிலிருந்து சுமார் 20 வில்விநாடி நீளத்துக்கு ஒரு ஒளிக்கீற்று பாய்கிறது; 1918-இல் ஹீபர் கர்டிஸ் கண்டது. அது உங்கள் படத்தில் தனியாகப் பிரிந்து தெரிந்தால் ஜோடி, கைடிங், ஃபோகஸ் மூன்றும் சரியாக அமைந்துவிட்டன என்று அர்த்தம். நடுப்பகுதி பிரகாசத்தில் வெளுத்துவிடாமல் குறைந்த விநாடிகளில் எடுக்கவேண்டும். நான் புது உபகரணம் எது வந்தாலும் முதல் சோதனை இதில்தான் வைப்பேன்.

தெற்கே நமக்கு ஒரு சீதனம் உண்டு. எம் 83 இங்கே 50 டிகிரி உயரம் ஏறுகிறது. என்ஜிசி 253 கிட்டத்தட்ட 55. ஐரோப்பாக்காரர்களுக்கு இவை கூரை ஓரத்தில் உரசிப்போகும். என்ஜிசி 253-க்கு ஒரு சிக்கல்: அது நள்ளிரவை ஒட்டியோ அதற்கு முன்போ உச்சிக்கு வரும் அக்டோபர், நவம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் கடைசியில் மழை விட்டதும், இருட்டிய உடனே இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதைத் தவறவிடாதீர்கள். எம் 104-ம் 68 டிகிரி ஏறும். அதன் நடுவில் ஓடும் கறுப்புப் பட்டை கூர்மை சோதிக்க இன்னொரு நல்ல இடம்.

எம் 51, எம் 101 இரண்டும் 45-லிருந்து 55 டிகிரிக்குள் வரும். மோசமில்லை. நேர் வடக்கே வரும்போது எடுங்கள், எழும்போதே ஆரம்பிக்க அவசரப்படாதீர்கள்.

மலை உயரம் என்பதால் சீயிங் தானாகவே நன்றாக இருக்குமா?

இருக்காது. உயரம் தருவது தெளிவு: தூசும் ஈரமும் கொஞ்சம் காலடியில் தங்கிவிடும், வானம் கருப்பாகும். காற்றின் அமைதி வேறு விஷயம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் கண்டது இங்கேதான். அதே ஆய்வகத்துக்கு 1960-இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, இரவு வானத்துக்கு இடம் தேடியபோது ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். அது வெறும் 725 மீட்டர். உயரம் ஒன்றே போதும் என்றால் அவர் இங்கேயே இருந்திருப்பார்.

நம் கையில் இருப்பது டெலஸ்கோப்பைச் சுற்றியுள்ள பத்து அடி. கான்கிரீட் மாடி, தகரக் கூரை, தார் ரோடு எல்லாம் பகலில் குடித்த வெயிலை இரவு முழுக்கக் கக்கும். புல்தரையே நல்லது. பள்ளத்தில் குளிர்க் காற்று இறங்கித் தேங்கும், பனிமூட்டமும் அங்கேதான் முதலில் வரும். ரொம்ப முகட்டில் காற்று அடித்து நியூட்டோனியன் குழாயைப் பாய்மரமாக்கும். நடுச்சரிவு, காற்றுக்கு மறைவாக ஒரு வரிசை மரம், அது போதும். மாலை ஐந்து மணிக்கே டெலஸ்கோப்பை வெளியே வைத்துவிடுங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு வரும்வரை நட்சத்திரம் கொதிக்கும்.

மவுண்ட் பற்றி இன்னும் சொல்லவில்லையே?

பணத்தில் பாதியை அதற்கு வையுங்கள். மேலே போட்ட கணக்கில் கைடிங்கை 0.6-லிருந்து 1 ஆக்கிப் பாருங்கள்: காற்றும் மவுண்ட்டும் மட்டும் சேர்ந்தே 2.9-லிருந்து 3.4-க்குப் போய்விடுகிறது. 80-லிருந்து 200-க்குப் போய் சம்பாதித்ததைவிட அதிகம் இதில் இழந்தாயிற்று. பொதுவாக, கைடிங் ஆர்எம்எஸ் உங்கள் பிக்சல் விகிதத்தில் பாதிக்கு அருகில் இருந்தால் கவலையில்லை. எடை வரம்பு 15 கிலோ என்று எழுதியிருந்தால் படம் எடுக்க 8, 9 கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர்கள் காற்றடிக்காத ஊரில் இருக்கிறார்களோ என்னவோ.

துருவ நட்சத்திரம் தெரியவில்லை. மவுண்ட்டின் அச்சைத் துருவத்துக்கு எப்படி நேராக்குவது?

கொடைக்கானலில் அது தொடுவானத்திலிருந்து 10 டிகிரி உயரம்தான். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் எவ்வளவோ அவ்வளவு. யூகலிப்டஸ் மரம், பக்கத்து மலை, அடிவாரப் பனி, ஏதாவது ஒன்று மறைக்கும். நினா மென்பொருளில் மூன்று புள்ளி முறை இருக்கிறது: வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று படம் எடுத்து, மவுண்ட் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்லிவிடும். கணினி இல்லாதவர்கள் நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத் திருத்தும் பழைய டிரிஃப்ட் முறைக்கே போகலாம், அரை மணி நேரம் போகும். சரியாக நேராக்காவிட்டால் கைடிங் நன்றாக இருந்தும் படத்தின் ஓரத்து நட்சத்திரங்கள் மெல்லச் சுழன்று நீளும்.

மவுண்ட் வாங்கும் முன், அது 10 டிகிரிக்குக் கீழே இறங்குமா என்று பாருங்கள். இவ்வளவு தாழ்த்தும்போது எடைக்கல் தண்டு டிரைபாட் காலில் இடிக்கும் மவுண்ட்கள் உண்டு. எனக்கு இடித்தது, நடு இரவில், சத்தத்தோடு.

இதில் எனக்கு எப்போதும் பொறாமை, ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ டெலஸ்கோப்பின் மேல்தான். 530 மீட்டர் நீளம். கோவிந்த் ஸ்வரூப் குழு 1970-இல் முடித்தது. வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன் மேலேயே கட்டினார்கள். அந்த ஊரின் அட்சரேகையும் 11 டிகிரிதான் என்பதால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரு திசையில் திருப்பினாலே போதும், வானத்தோடு சேர்ந்து நகரும். மலையே மவுண்ட்.

ஆரம்பத்தில் கூர்மையாக இருந்த படம் நள்ளிரவில் மங்குகிறது, ஏன்?

ஃபோகஸ் நகர்ந்திருக்கும். அலுமினியக் குழாய் குளிரில் சுருங்கும்: ஒரு மீட்டர் குழாய் 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.23 மி.மீ. எஃப்/5-இல் ஃபோகஸ் தாங்கக்கூடிய இடைவெளி மொத்தமே 0.07 மி.மீ. அளவுதான். மூன்று மடங்கு தாண்டியாயிற்று. மாலையில் ஒரு தடவை ஃபோகஸ் வைத்துவிட்டுப் போர்வைக்குள் போனால் விடிந்ததும் பணியாரம்தான். வெப்பநிலை இரண்டு டிகிரி மாறினால் ஒரு தடவை பஹ்தினோவ் மாஸ்க் (ஃபோகஸைக் காட்டிக்கொடுக்கும் கோடு வெட்டிய மூடி) போட்டுச் சரிபாருங்கள், அல்லது மோட்டார் ஃபோகஸர் வைத்துவிடுங்கள்.

ஃபோகஸ் சரி, நடுவில் நட்சத்திரம் நன்றாக இருக்கிறது, மூலையில் மட்டும் வால் முளைக்கிறது.

கரெக்டருக்கும் சிப்புக்கும் உள்ள தூரம் தப்பு. பெரும்பாலான ஃபிளாட்னர், கோமா கரெக்டர்களுக்கு 55 மி.மீ.; ஷ்மிட்-காசகிரெய்ன்களின் 0.63 ரெட்யூசருக்கு (ஃபோகல் லெங்த்தைக் குறைக்கும் லென்ஸ்) 105. நடுவில் ஃபில்டர் இருந்தால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்க்கவேண்டும். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டால் அது சாய்வு, வேறு வைத்தியம்.

ஏற்கெனவே நீளமான டெலஸ்கோப் வாங்கிவிட்டேன். விற்றுவிடவா?

அவசரப்படாதீர்கள். 2032 மி.மீ. குழாயில் 0.63 ரெட்யூசர் போட்டால் 1280. அதில் 3.76 மைக்ரான் கேமரா 0.6 தரும். இரண்டுக்கு இரண்டு பின்னிங் செய்தால், அதாவது நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்தால், 1.2; நம் எல்லைக்குள் வந்துவிட்டது. இன்றைய சிமாஸ் கேமராக்களில் பின்னிங்கைப் படம் எடுக்கும்போதே செய்யவேண்டும் என்றில்லை, அடுக்கி முடித்த பிறகு கணினியில் சுருக்கினாலும் பலன் அதேதான். அதனால் அபூர்வமாகக் காற்று அசையாத ஒரு இரவு வாய்த்தால் முழு அளவையும் வைத்துக்கொள்ளலாம். கைடிங்குக்கு மட்டும் தனிக் குழாயை நம்பாமல் அதே டெலஸ்கோப்பின் ஓரத்து ஒளியை எடுத்துக் கைடிங் செய்யும் ஆஃப்-ஆக்சிஸ் கைடர் வையுங்கள். அந்த நீளத்தில் இரண்டு குழாய்களுக்கு நடுவே வரும் இம்மி வளைவும் படத்தில் தெரியும்.

கலரா, கறுப்பு வெள்ளையா?

மேகம் வந்து வந்து போகும் ஊரில் கலர். கறுப்பு வெள்ளையில் சிவப்பு எடுத்து முடிப்பதற்குள் மூட்டம் வந்து, நீலம் அடுத்த அமாவாசைக்குத் தள்ளிப்போகும். கூர்மை என்று பார்த்தால் கறுப்பு வெள்ளைதான் ஒரு படி மேலே, ஏனென்றால் கலர் சிப்பில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது. ஒவ்வொரு சில படத்துக்கும் மவுண்ட்டைக் கொஞ்சம் நகர்த்தி டிதர் செய்து, அந்த நகர்வுகளை வைத்தே நுணுக்கத்தை மீட்கும் டிரிஸில் முறையில் அடுக்கினால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

ஃபில்டர்?

இருட்டான இடத்தில் வேண்டாம். கேலக்ஸி என்பது நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறத்திலும் வருகிறது. எதை வெட்டினாலும் கேலக்ஸியைத்தான் வெட்டுகிறீர்கள். எம் 33, எம் 51 கைகளில் உள்ள சிவப்பு முடிச்சுகளுக்கு மட்டும் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டரில் எடுத்ததைக் கொஞ்சம் சேர்க்கலாம்.

பனி, ஈரம், பூஞ்சை?

முன்பக்கம் கண்ணாடித் தகடு உள்ள டெலஸ்கோப் என்றால் ஹீட்டர் பட்டை இல்லாமல் மலைக்கு வராதீர்கள். பத்து மணிக்கே வேர்த்துவிடும். நியூட்டோனியனின் பெரிய கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் தப்பிக்கும், சின்னக் கண்ணாடிதான் மாட்டும். வேர்த்ததைத் துணியால் துடைக்காதீர்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்துக் காட்டுங்கள். விடிந்ததும் ஈரத்தோடு மூடிப் பெட்டியில் போட்டால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை கோலம் போட்டுவிடும். வீட்டுக்குள் மூடியைத் திறந்து குழாயைத் தலைகுப்புறச் சாய்த்து உலரவிட்டு, பிறகு சிலிகா ஜெல்லோடு மூடுங்கள்.

எங்கே வந்து எடுப்பது? காட்டுக்குள் போகலாமா?

கூடாது. பேரிஜம் பக்கம் வனத்துறை அனுமதியோடு பகலில் மட்டும்தான். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் தனியார் நிலத்தில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தங்கும் வீட்டின் முற்றத்திலேயே எடுங்கள். வெளி விளக்கை அணைக்கச் சம்மதிப்பார்களா என்று அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் வந்து, விடிய விடிய எரியும் வெள்ளை எல்இடிக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பவர் பேங்க் எதுவானாலும் குளிரில் சீக்கிரம் சரியும், கணக்குக்கு மேல் ஒன்று கொண்டுவாருங்கள்.

இரவில் காட்டுமாடு வரும். சத்தம் போடாமல், டார்ச்சைக் கண்ணில் அடிக்காமல், மெதுவாக வீட்டுக்குள் போய்விடுங்கள். டிரைபாட்டைச் சுற்றிக் கேபிள்களைத் தரையில் பரப்பி வைக்காதீர்கள். போன வருஷம் ஒன்று என் கைடர் கேபிளைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டு பூண்டு வயலில் இறங்கிவிட்டது. அந்த இரவின் கடைசிப் படத்தில் சிங்க மூவர் மூன்று நீளக் கோடுகள்.